தாம்பரம் மாநகராட்சித் தேர்தல்: மேல் தெருத் தண்ணீரும் கீழ்த் தெரு ஓட்டும்

செம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"ஐந்து வருஷமாகக் கவுன்சிலரே இல்லை. தனி அலுவலரை வைத்து ஓட்டினார்கள். குப்பை வண்டி வந்தது, தெரு விளக்கு எரிந்தது, வரி ரசீதும் தவறாமல் வந்தது. ஏரியில் சாக்கடை மட்டும் அன்றும் கலந்தது, இன்றும் கலக்கிறது. இப்போது மாநகராட்சி என்கிறார்கள், 70 வார்டு என்கிறார்கள். பிப்ரவரி 19 சனிக்கிழமை. நான் வீட்டில் தூங்குவதாக இருக்கிறேன். எழுந்திருக்க ஒரு காரணம் சொல்லுங்கள்."

27 ஜனவரி 2022, இரவு

சொல்லிப் பார்க்கிறேன்.

2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அப்போது அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு இப்போதுதான். இடைப்பட்ட காலத்தில் எங்கள் தெரு வடிகால் அடைத்துக்கொண்டது. நான் வசிப்பது ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு பழைய பேரூராட்சிப் பகுதி, அதற்கு மேல் கேட்காதீர்கள். மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், முத்திரையும் குத்தினார்கள். அடுத்த மழைக்குப் போனால் நாற்காலியில் வேறு ஒருவர். "அது யாருகிட்ட கொடுத்தீங்க?" என்று நம்மையே கேட்டார். அவர் மேல் தப்பு இல்லை, புதிதாக வந்தவர். ஆனால் அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கவுன்சிலர் வந்தால் சாக்கடை மறைந்துவிடும் என்று சொல்லவில்லை. எங்கே வசிக்கிறார், எத்தனை மணிக்கு வாக்கிங் போவார் என்று தெரிந்த ஒருவரிடம் கேட்பது வேறு, மாறிக்கொண்டே இருக்கும் நாற்காலியிடம் கேட்பது வேறு.

28 ஜனவரி

"முடிச்சூரும் இதில்தானே வருகிறது? அவர்கள் ஓட்டு யாருக்கு?" என்று ஒருவர்.

வரவில்லை. சேர்த்தது ஐந்து நகராட்சி: தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம். ஐந்து பேரூராட்சி: சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை. முடிச்சூர் இன்னமும் கிராம ஊராட்சி. செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரிலேயே தேர்தல் முடிந்துவிட்டது, அவர்கள் அப்போதே விரலில் மை வைத்துக்கொண்டார்கள்.

2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அப்போது படகு விட்ட ஊர் முடிச்சூர். பீர்க்கன்கரணை, இரும்புலியூர் ஏரிகளின் உபரி நீர் ஜி.எஸ்.டி. சாலையை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) தாண்டி மேற்கே அந்தப் பக்கம் இறங்கித்தான் அடையாற்றில் சேரும். தண்ணீர் அனுப்புகிற ஊர் மாநகராட்சிக்கு உள்ளே, வாங்குகிற ஊர் வெளியே. கோடு போட்டவர்களுக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும். தண்ணீருக்கு அதைச் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது.

28 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

என் முகவரி: தபால்காரருக்குச் சென்னை. மாவட்டம் 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு. மாநகராட்சி தாம்பரம். இந்த ஜனவரி 1 முதல் போலீஸ் கமிஷனரும் தாம்பரம். ஊரிலிருந்து மாமா போன் செய்து "நீ இப்ப எங்கடா இருக்கே?" என்கிறார். நான் வீட்டை விட்டு நகரவே இல்லை மாமா.

30 ஜனவரி

செம்பாக்கத்துக்காரர் திரும்ப வந்திருக்கிறார். காரணம் போதவில்லையாம். சரி, நீளமாகவே எழுதுகிறேன். இதுதான் நான் உண்மையில் சொல்ல நினைத்தது.

கிழக்குப் பக்கத்து ஏரிகளைப் பாருங்கள். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு. அது நிரம்பினால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒரு ஏரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்கு வரத்து. நெல் விளைந்த காலத்தில் இது வரம். இன்று மேலே இருப்பவர் எதைக் கலந்து அனுப்புகிறாரோ அதைக் கீழே இருப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனை நாள் ஏரிக்கு ஏரி வேறு வேறு ஆட்சி. ஒன்று பேரூராட்சி, அடுத்தது நகராட்சி, அதற்கடுத்தது ஊராட்சி. ஏரியோ பொதுப்பணித்துறைக்குச் சொந்தம், இப்போது நீர்வளத்துறை. செம்பாக்கத்தில் கேட்டால் "மேலே இருந்து வருது சார்" என்பார்கள். மேலே போய்க் கேட்டால் "எங்க எல்லை இந்தக் கல்வெர்ட்டோட முடியுது" என்பார்கள். இரண்டுமே உண்மை. உண்மையைச் சொல்லியே தப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

2021 நவம்பரில் மாநகராட்சி ஆனதும் அந்தக் கல்வெர்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கமிஷனர், ஒரே மன்றம். "எங்க எல்லை இல்லை" என்று சொல்ல இனி வழியில்லை, குறைந்தபட்சம் நன்மங்கலம் வரைக்கும். நன்மங்கலம் ஊராட்சி, அங்கே பழைய கதை தொடரும். ஆனால் சிட்லபாக்கத்துக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவில் அந்தச் சாக்குப் போயே போச்சு. மாநகராட்சி ஆனதில் எனக்குத் தெரிந்த ஒரே லாபம் இதுதான். பெயர்ப்பலகை மாறியது எல்லாம் லாபத்தில் சேராது.

ஆகவே உங்கள் வார்டு வேட்பாளரிடம் உங்கள் தெருவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மேலே இருக்கும் வார்டில் யார் நிற்கிறார்கள், அவர் கட்டப்போகும் வடிகால் எங்கே வந்து இறங்கும் என்று கேளுங்கள்.

31 ஜனவரி

ஒரு மாடம்பாக்கம் வாசகி: "பத்தாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர். முன்னே ஒரு வார்டு என்றால் நாலைந்து தெரு. மெம்பர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடலாம். இப்போது அவர் யார் என்றே தெரியாது. இதுவா லாபம்?"

நியாயம்தான். 2011 கணக்கெடுப்பில் இந்தப் பத்து ஊரிலும் சேர்த்து ஏழு லட்சத்துக்கு மேல். 70-ஆல் வகுத்தால் பத்தாயிரம் வருகிறது, இன்று இன்னும் அதிகம் இருக்கும். சத்தம் போடும் தூரம் கூடிவிட்டது. நேற்று எழுதியதில் இதை நான் எடைபோடவே இல்லை. எல்லைச் சாக்குப் போனது பெரிய தண்ணீருக்கு நல்லது, சின்னத் தெருவுக்கு இது நஷ்டம்.

கிராம ஊராட்சிக்குக் கிராமசபை உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து கணக்குக் கேட்கலாம். நகரத்துக்காரனுக்கு இன்றுவரை (2022 ஜனவரி) அந்த வசதி இல்லை. வார்டு கமிட்டி, பகுதி சபை என்று சட்டத்தில் பேச்சு இருக்கிறது, நடைமுறையில் இதுவரை பார்த்ததில்லை. வருகிற வேட்பாளரிடம் கேட்க இன்னொரு கேள்வி கிடைத்தது.

2 பிப்ரவரி

சாக்கடை என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது யாருடைய சாக்கடை?

பல்லாவரத்தில் பாதாளச் சாக்கடை இருக்கிறது. எங்கள் பக்கம் பெரும்பாலும் இல்லை, செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் கழிவுநீர் லாரி. அதற்கும் பணம், அதற்கும் காத்திருப்பு. அதனால் என்ன செய்கிறோம்? எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று உடைந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தால் இரண்டு பக்கச் சுவரிலும் வெள்ளை பி.வி.சி. குழாய்கள் வரிசையாக மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். காலை எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவிய நுரை வரும், பத்து மணிக்குத் துணி துவைத்த நீலத் தண்ணீர். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் முந்தின ராத்திரி சிமென்ட் பூசுவார்கள், அடுத்த வாரம் பக்கத்தில் புது ஓட்டை.

ஏரியைக் காப்பாற்று என்று கோஷம் போட்டவர் வீட்டுக் குழாயும் அதில் உண்டு. பெயர் வேண்டாம், தினமும் பார்த்துக்கொள்கிறோம்.

2 பிப்ரவரி, மதியம்

இதற்குள் நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "வேறு எங்கே விடச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருப்பது சரியான கேள்வி. அறுநூறு சதுர அடி வீட்டில் உறிஞ்சுகுழி தோண்ட இடம் இல்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இரண்டடியில் நிற்கிறது, உறிஞ்சுகுழி எதை உறிஞ்சும்? பாதாளச் சாக்கடை கொடுக்காமல் குழாயை மட்டும் அடைத்தால் தண்ணீர் தெருவில் ஓடும். அடைக்காவிட்டால் ஏரியில் சேரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வீட்டுக்காரனிடம் சொன்னால் அவன் தன் வாசலில் இல்லாததைத்தான் தேர்ந்தெடுப்பான். நானும் அப்படித்தான்.

4 பிப்ரவரி

இன்றோடு வேட்பு மனு முடிந்தது. குடியிருப்போர் சங்கங்களில் சிலர் சுயேச்சையாக நிற்கிறார்கள். "கட்சிக்காரனுக்குப் போட்டால் கட்சிக்குப் போகும், சுயேச்சைக்குப் போட்டால் நமக்கு வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது.

டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 2,000. செலவு வரம்பு 85,000. இந்த வரம்புக்குள் பத்தாயிரம் பேரைப் பார்க்கும் கட்சி வேட்பாளரை யாராவது பார்த்தால் எனக்கும் காட்டுங்கள். சுயேச்சைக்கு அதுவே மலை. ஜெயித்தாலும் இன்றைய (2022) நிலையில் மாதச் சம்பளம் கிடையாது, கூட்டத்துக்குப் போனால் அமர்வுப்படிதான். அப்புறம் ஏன் இத்தனை போட்டி என்று கேட்காதீர்கள், காண்ட்ராக்ட் பற்றி எழுத வேண்டி வரும்.

சுயேச்சையிடம் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. மேயரை இந்த முறை நாம் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2011-இல் மேயருக்கு மக்களே ஓட்டுப் போட்டார்கள், இப்போது கவுன்சிலர்கள்தான். தாம்பரத்தில் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கீடு. நமது சுயேச்சை எழுபதில் ஒருவராக உட்கார்ந்து வடிகாலுக்கு நிதி கேட்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் கை தூக்க வேண்டும். நல்லவராக இருப்பதைத் தவிர அவருக்கு அந்தத் திறமையும் இருக்கிறதா?

6 பிப்ரவரி

குப்பை பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர். எழுதினால் ஏரியில்தான் போய் முடியும்.

சிட்லபாக்கம் ஏரிக்குள்ளேயே வருஷக்கணக்காகக் குப்பை கொட்டினார்கள். பல்லாவரம் பெரிய ஏரியைப் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை இரண்டாக வெட்டியது, ஒரு பக்கம் குப்பைமேடு ஆனது. தாம்பரத்துக் குப்பைக்குக் கன்னடபாளையம். பிறகு வெங்கடமங்கலத்துக்கு அனுப்பினார்கள். வெங்கடமங்கலத்துக்காரர்கள் எதிர்த்தார்கள். எதிர்க்காமல்? அதுவும் ஒரு ஊராட்சி, நம் வரிப்பணமோ ஓட்டோ அங்கே போகாது, குப்பை மட்டும் போகும்.

சிட்லபாக்கம் ஏரிக்காக ஊர்க்காரர்களே 2019 கோடையில் மண்வெட்டியோடு இறங்கினார்கள், அப்புறம் அரசு 25 கோடி ஒதுக்கியது. அந்த வரிசை முக்கியம். கவுன்சிலர் இல்லாத காலத்திலேயே நடந்தது அது. ஆகவே செம்பாக்கத்துக்காரரின் தூக்கத்துக்கும் ஒரு வாதம் இதில் இருக்கிறது, நான் மறைக்கவில்லை.

9 பிப்ரவரி

நோட்டீஸ்கள் வர ஆரம்பித்துவிட்டன. என் கையில் இருப்பதில் ஒருவர் பெருங்களத்தூர் மேம்பாலத்தை முடித்துத் தருவாராம். இன்னொருவர் குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதை. ஐயா, மேம்பாலம் நெடுஞ்சாலைத்துறையும் ரயில்வேயும் சம்பந்தப்பட்டது. வார்டு கவுன்சிலர் அங்கே போய் நின்று கொடி காட்டலாம், அவ்வளவுதான்.

அவர் கையில் இருப்பது வேறு: தெரு சாலை, மழைநீர் வடிகால், விளக்கு, குப்பை வண்டி, பூங்கா. சின்னதாகத் தெரியும். ஆனால் சாலையைப் பாருங்கள். எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், அப்பா கட்டிய வீட்டின் மூன்று படியில் ஒன்றுதான் மிச்சம். கேட்டைத் திறந்தால் தெருவுக்கு ஏற வேண்டும். நவம்பரில் கேட் அடியில் மணல் மூட்டை போட்டு, துணி அடைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டின் கீழ்க் கீலில் துரு ஏறிய கோடுதான் எங்கள் வெள்ள அளவுகோல்.

பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். உத்தரவு இருக்கிறது. சாலை போடும் அன்று காலையில் மில்லிங் இயந்திரம் வந்ததா என்று எட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மேம்பாலத்தை விட அந்த ஆள் எனக்கு முக்கியம்.

12 பிப்ரவரி

இன்று எங்கள் தெருவுக்கு ஒரு கட்சியின் வேட்பாளர் வந்தார். பெண். இந்த முறை பாதி இடம் பெண்களுக்கு. நோட்டீஸில் அவர் படத்தை விடக் கணவர் படம் பெரிது, பேசியதும் அவர்தான். "சார், அண்ணன் நான் இருக்கேன், எதுனாலும் ஒரு போன்." யார் யாருக்கு அண்ணன் என்று எனக்குக் குழப்பம். அவருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும்.

என் மனைவி அவரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடமே கேட்டாள்: "இந்த வடிகால்ல தண்ணி ஏம்மா போக மாட்டேங்குது?"

அவர் யோசிக்கவே இல்லை. "டிரான்ஸ்பார்மர் பக்கத்துல மேடுக்கா. அங்க கட்டுறப்ப அடி மட்டம் ஒசத்திட்டாங்க. தண்ணி எதுத்து வந்து பின்தெருவுல ஏறும். எங்க வீடு பின்தெருதான். போன மாசம் வரைக்கும் செவுத்துல ஈரம் காயல."

கணவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இவர் நின்று, இன்னும் இரண்டு இடம் சொன்னார். ஒன்று எனக்கே தெரியாது. பிறகு போய்ப் பார்த்தேன், வடிகால் இரண்டு துண்டு. நடுவில் ஒரு வீட்டு நீளத்துக்குக் கட்டவே இல்லை, மேலே சிமென்ட் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வடிகால் மாதிரி இருக்கும்.

கட்சி எது என்று கேட்டு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன். நான் அந்தக் கட்சிக்கு இதுவரை போட்டதில்லை என்பது மட்டும் போதும்.

15 பிப்ரவரி

பம்மல் வாசகர் கோபமாக இருக்கிறார்: "உங்களுக்கு ஏரி, வடிகால். எங்களுக்கு நாகல்கேணி."

கோபம் சரிதான். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வந்தது குரோம்பேட்டைக்கு. தோல் பதனிட்ட தண்ணீர் இறங்கியது பம்மல், நாகல்கேணி நிலத்துக்குள். போர் போட்டால் குடிக்க முடியாது. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கலங்கினாலும் வேறு எதற்காவது ஆகும். மாடம்பாக்கம் ஏரிக் கிணறுகளிலிருந்து குடிநீரே எடுக்கிறார்கள். ஒரே மாநகராட்சி, ஒரு மூலையில் ஏரித் தண்ணீரைக் குடிக்கிறார்கள், இன்னொரு மூலையில் கேனுக்குப் பணம் கொடுத்தே பாதி வாழ்க்கை போகிறது. எழுபது பேர் உட்காரும் மன்றத்தில் வடிகால்காரர்கள் அதிகமாகவும் நாகல்கேணிக்காரர் ஓரிருவராகவும் இருப்பார்கள். பெரும்பான்மை எண்ணிக்கையில் இது தீராது. இதற்கு எனக்கு விடை இல்லை. நீங்கள் தனியாக எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

18 பிப்ரவரி

நேற்று ஆறு மணியோடு மைக் நின்றது. காது திரும்பி வந்துவிட்டது.

"எல்லாரும் வேண்டாம், நோட்டா" என்பவர்களுக்கு: இந்தத் தேர்தலில் மெஷினில் நோட்டா பொத்தான் கிடையாது. காலை 7 முதல் மாலை 6 வரை, கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. பூத் சிலிப்பில் வார்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள். மறுவரையறைக்குப் பிறகு ஒரே வீட்டு மாடியும் கீழும் வேறு பூத்தில் விழுந்திருக்கிறது, எங்கள் எதிர்வீட்டில் அப்படித்தான்.

செம்பாக்கத்துக்காரரே, அலாரம் வைத்தாயிற்றா?

19 பிப்ரவரி, மாலை

அவர் பதில்: "தூங்கிவிட்டு, நாலு மணிக்குப் போய்ப் போட்டேன்."

5 மார்ச்

நேற்று மேயர் தேர்தல் முடிந்தது. வசந்தகுமாரி, வயது 25. என் மகளை விடச் சின்னவர். "சின்னப் பொண்ணு, என்ன தெரியும்" என்று எழுதுகிற மாமாக்களுக்கு: வயசானவர்களை வைத்துத்தான் சாலையை இரண்டு படி உயர்த்தினோம்.

பின்தெருப் பெண் ஜெயித்தாரா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஜெயித்துவிட்டார். டிரான்ஸ்பார்மர் மேட்டைப் பற்றி மனு எழுதி நானும் எதிர்வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அவருடைய கணவர் வாங்க வந்தார், என் மனைவி விடவில்லை, அந்தப் பெண் கையிலேயே கொடுத்தாள்.

2 ஏப்ரல்

சொத்துவரி உயர்வு அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "மாநகராட்சி ஆனதால்தானே இது, லாபம் லாபம் என்றீர்களே" என்று இன்று காலையிலிருந்து அர்ச்சனை.

இல்லை. இது மாநிலம் முழுக்க. பேரூராட்சியாகவே இருந்திருந்தாலும் வந்திருக்கும். சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. தேர்தல் முடிந்து ஒன்றரை மாதம் கூட ஆகாமல் அறிவித்ததைப் பற்றி நீங்கள் நினைப்பதையே நானும் நினைக்கிறேன்.

பழைய ரசீதை எடுத்துச் சதுர அடியைச் சரிபாருங்கள். 1,190 என்று இருக்க வேண்டியது 1,210 என்று ஏறியிருந்தால் ஒரு படி மேலே போய்விடுவீர்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் கால அவகாசம் கொடுப்பார்கள், அதை விடாதீர்கள். வீட்டுப் பத்திரமும் கட்டட வரைபடமும் பீரோவில் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வையுங்கள்.